தெரியுற கண்ணுக்கு எதுக்கு ஆப்பரேசன்?

போன சித்திரையில் ஊருக்குப் போயிருந்தபோது, கண்ணுக்கு லேசர் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஏத்தா, கண்ணாடி போட்டா உனக்கு நல்லாத்தான தெரியுது?"

"தெரியுதும்மா."

"அப்புறம் தெரியுற கண்ணுக்கு எதுக்கு ஆப்பரேசன்?"

இருபது நிமிஷ வேலைம்மா, காலையில் போனா மத்தியானம் வீட்டுக்கு வந்துரலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பத்து வருடம் மென்பொருள் வேலை பார்த்தவளுக்கு இருக்கும் தைரியம் அது. எதுவும் ஒரு அப்டேட்தான், சரியாக வராவிட்டால் பழையதுக்குத் திரும்பிக்கொள்ளலாம். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறிச் சென்னை வரைக்கும் வந்துவிட்டது. கண் ஆப்பரேஷனுக்குப் பயப்படுகிற குடும்பம் இல்லை எங்களுடையது. அதை ரொம்பவும் நம்புகிற குடும்பம். அதனால்தான் அம்மாவின் கேள்வி உறுத்தியது.

*

என் அப்பத்தாவுக்கு 1991-இல் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை, எல்லாம் கேட்ட கதைதான். எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில், முல்லைப் பெரியாறு பாயும் நெல் வயலும் வாழைத் தோப்பும் திராட்சைப் பந்தலும் இருக்கிற பகுதி. ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு கண் முகாம் என்று சொல்லிப் போனார்களாம். அப்பத்தாவுக்கு அப்போது ஆள் அடையாளம் குரலை வைத்துத்தான். கொல்லைக்குப் போக ஒரு ஆள் கைபிடித்துக் கூட்டிப் போகணும். அப்படியும் "சாகப்போற கட்டைக்கு எதுக்குடா" என்று மறுத்துவிட்டது. பிறகு தெற்குத் தெருவில் ஒரு கிழவி ஆப்பரேஷன் முடிந்து வந்து அரிசியில் கல் பொறுக்குகிறது என்று கேள்விப்பட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு, "அவளே பொறுக்குறா, எனக்கு என்ன கேடு" என்று வண்டி ஏறியதாம்.

வண்டி போனது தேனி அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. அந்த மருத்துவமனை ஏன் தேனியில் இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு மருத்துவப் பணியில் இருந்து ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் பிறந்தவர். முப்பது வயதையொட்டி முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போன மனிதர். பிரசவ மருத்துவம் படிக்க நினைத்தவர், அந்தக் கைகளால் அது முடியாது என்று கண் மருத்துவத்துக்கு வந்து, அதே விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கினார். அவருடைய தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் ஆரம்பத்திலேயே கூட இருந்தவர்கள். நம்பெருமாள்சாமிக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரம். (நெல்லைக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டாம், இது எங்கள் அம்பாசமுத்திரம்.) மதுரைக்கு வெளியே அரவிந்தின் முதல் கிளை 1985-இல் தேனியில் திறக்கப்பட்டது. தேனி அப்போது மதுரை மாவட்டத்துக்குள் ஒரு சந்தை ஊர். தனி மாவட்டம் ஆனது 1996-இல்தான்.

அந்தக் காலத்தில் அரவிந்த் கண்டுபிடித்த ஒரு விஷயம் எனக்கு அறுவை நுட்பத்தைவிட முக்கியமாகப் படுகிறது. முகாமில் பரிசோதித்து, புரை இருக்கிறது, இலவசமாக எடுக்கிறோம், வாருங்கள் என்று சொன்ன பிறகும் நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று போய்க் கேட்டார்கள். பஸ் செலவு, கூட வர ஆள் இல்லை, ஒருநாள் கூலி போய்விடும், அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது, பயம். இலவசம் என்பது ஆப்பரேஷனுக்கு மட்டும்தான், அதைச் சுற்றி இருக்கிற மற்ற எதற்கும் இல்லை என்று புரிந்தது. பிறகுதான் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடும் முறை நிலைபெற்றது. அறுவை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் வேலை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார், மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கு. மெக்டொனால்ட்ஸ் கடைகள் உலகம் முழுக்க ஒரே மாதிரி பர்கர் போடுவதை டாக்டர் வி வியந்து பேசுவார்.

அப்பத்தா கண்ணில் 1991-இல் லென்ஸ் வைக்கவில்லை. புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக சோடாபுட்டிக் கண்ணாடி. அன்று பெரும்பாலானவர்களுக்கு அதுதான். கண்ணுக்குள் வைக்கிற பிளாஸ்டிக் லென்ஸை 1949-இலேயே லண்டனில் ஹரோல்ட் ரிட்லி வைத்துக் காட்டிவிட்டார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கண்ணாடித் துணுக்குகள் அங்கேயே கம்மென்று கிடக்கின்றன, கண் அவற்றை எதிர்க்கவில்லை என்று கவனித்ததில் பிறந்த யோசனை. ஆனால் அது நம் ஊர் முகாமுக்கு வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. இறக்குமதி லென்ஸ் ஒன்று நூறு டாலர் அளவில் விற்றது. 1992-இல் ஆரோலேப் என்று மதுரையிலேயே தொழிற்சாலை தொடங்கி, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்குச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கதை மாறியது. அப்பத்தாவுக்கு 1998-இல் வலது கண்ணில் எடுத்தபோது உள்ளே லென்ஸ் வைத்தார்கள். ஒரே முகத்தில் இரண்டு காலத்து மருத்துவம். புதுக்கண் வந்த பிறகு சோடாபுட்டியைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா என் முகத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறது: "ஆத்தி, நீ இம்புட்டுக் கருப்பா?"

இந்த மாதிரி ஒரு கதை கம்பம் பள்ளத்தாக்கில் எந்த வீட்டிலும் இருக்கும். கண்ணைக் கிழித்தால் வெளிச்சம் வரும் என்பது எங்களுக்குச் செய்தி இல்லை, சொந்தத்தில் பார்த்தது. அதனால்தான் லேசர் விளம்பரத்தைப் பார்த்ததும் எனக்குள் எந்த எதிர்ப்பும் எழவில்லை. அப்பத்தாவுக்குச் செய்தார்கள், எனக்கும் செய்யட்டும்.

அம்மா பிடித்த இடம் இதுதான். அப்பத்தா தோற்பதற்கு அந்தக் கண்ணில் ஒன்றுமே மிச்சம் இருக்கவில்லை. ஆயிரத்தில் பத்துப் பேருக்குத் தவறினாலும் அப்பத்தா மாதிரி ஆள் ஏறிப் படுப்பதுதான் சரியான கணக்கு. என் கண்ணின் பவர் மைனஸ் ஆறரை. கண்ணாடி இல்லாமல் எதிரில் இருக்கிறவர் முகம் பனங்காய் மாதிரி தெரியும். கண்ணாடியை எடுத்து மாட்டிய நொடியில் மேகமலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். என்னிடம் தோற்பதற்கு நிறைய இருக்கிறது.

*

தெரிகிற கண்ணை அறுத்த வரலாறு தனி வரலாறு. புரை அறுவையின் வரலாற்றோடு அதைச் சேர்த்துப் படித்தால் குழப்பம்தான் வரும்.

கிட்டப்பார்வை என்றால், உள்ளே வரும் ஒளி விழித்திரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கண் மொத்தமாக ஒளியை வளைக்கிற சக்தி கிட்டத்தட்ட 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியின் வேலை, அதாவது கண்ணின் முன்னால் இருக்கிற அரை மில்லிமீட்டர் கனமுள்ள அந்தத் தெளிந்த சவ்வின் வேலை. அதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் போதும், கண்ணாடி வேண்டாம். யோசனை இவ்வளவுதான். எப்படித் தட்டையாக்குவது என்பதில்தான் எண்பது வருடம் போயிருக்கிறது.

ஜப்பானில் 1930-களில் சுடோமு சாட்டோ என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். கெரட்டோகோனஸ் என்று ஒரு நோய் உண்டு. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் பிதுங்கிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட சிலருக்குக் கருவிழியின் உள்பக்கம் தானாகக் கிழிந்து, ஆறி, ஆறிய பிறகு கூம்பு கொஞ்சம் தட்டையாகி இருந்தது. இயற்கை செய்ததை நாமே செய்தால் என்ன என்று சாட்டோ கருவிழியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் கத்தியால் கீறினார். நல்ல கண்ணுள்ள கிட்டப்பார்வைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். பார்வை சரியானது. எல்லாருக்கும் சந்தோஷம். பத்து, இருபது வருடம் கழித்து அவர்களில் பலருக்குக் கருவிழி நீர்கோத்து வெளுக்க ஆரம்பித்தது. உள்பக்கச் செல் அடுக்குதான் கருவிழியில் இருந்து தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறது, ஒரு தடவை போனால் அது திரும்ப வளராது என்பது சாட்டோ கத்தி வைத்த காலத்தில் யாருக்கும் தெரியாது. கெட்டிக்காரத்தனத்திலோ அக்கறையிலோ அவருக்குக் குறையில்லை. காலம்தான் போதவில்லை.

அடுத்து மாஸ்கோவில் ஸ்வியதஸ்லாவ் ஃபியதோரவ். 1970-களில் வெளிப்பக்கம் மட்டும், சைக்கிள் சக்கரத்துக் கம்பி போலக் கீறுவது. அவருடைய அறுவை அறைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள்: நோயாளிகள் படுத்திருக்கிற மேஜைகள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு மருத்துவரும் ஒரு கட்டத்தை மட்டும் செய்வார். மதுரையின் இரண்டு மேஜைக்கும் மாஸ்கோவின் நகரும் மேஜைக்கும் ஒழுங்கு ஒன்றுதான். படுத்திருக்கிறவர்கள் வேறு. இந்த முறை அமெரிக்கா போனபோது அங்கே 435 பேரை எடுத்துக்கொண்டு பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. நூற்றில் 43 கண்களின் பவர், அறுவை முடிந்து ஆறு மாதம் ஆன பிறகும் நிற்காமல், பத்து வருடத்தில் ஒரு டயாப்டருக்கு மேல் எதிர்த் திசையில் நகர்ந்திருந்தது. கிட்டப்பார்வையைத் தீர்க்க வந்தவர்கள் மெல்ல மெல்ல தூரப்பார்வைக்காரர்கள் ஆகிக்கொண்டிருந்தார்கள். ஆறாவது மாதத்தில் கருத்துக் கேட்டிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார்கள்.

லேசர் வருவது இதற்கு நடுவில். அதில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, அமெரிக்கா போய் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உமிழும் எக்ஸைமர் லேசர் அவர்கள் கையில் இருந்தது. பிளாஸ்டிக்கில் நுணுக்கமாகச் செதுக்குவதைப் பார்த்தவர்களுக்கு, உயிருள்ள திசுவில் என்ன ஆகும் என்று ஒரு சந்தேகம். 1981 நவம்பரில், அவர்கள் ஊர்ப் பண்டிகைக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஸ்ரீனிவாசன் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். சாதாரண லேசர் பட்ட இடம் கருகியது. எக்ஸைமர் பட்ட இடம் கருகவே இல்லை, அச்சு வெட்டியது போல ஒரு பள்ளம். அந்தக் கதிரின் ஒவ்வொரு துகளுக்கும் மூலக்கூறுகளின் பிணைப்பையே உடைக்கிற சக்தி இருக்கிறது. சூடு பக்கத்துக்குப் பரவுவதற்குள் உடைந்த திசு ஆவியாகப் போய்விடுகிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவில் சீவலாம். கூட வேலை பார்த்தவர்கள் சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன். மிச்சக் கறியில் இருந்து உலகத்தையே மாற்றிய தமிழ்நாட்டுக்காரர் என்று இதைத் திரைக்கதையாக்க யாராவது வரலாம். எனக்குப் பிடித்தது, அவர்கள் யாருமே அன்று கண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான்.

கண்ணுக்குக் கொண்டுபோனவர் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கல், 1983-இல். பார்வையுள்ள மனிதக் கண்ணில் கிட்டப்பார்வைக்காக இந்த லேசரை மார்கரிட் மெக்டொனால்ட் 1988-இல் நியூ ஆர்லியன்ஸில் பயன்படுத்தினார். புற்றுநோயால் சில நாளில் எப்படியும் அகற்றப்பட இருந்த தன் கண்ணை அதற்கு முன்வந்து கொடுத்தவர் ஒரு பெண்மணி. இந்த முழு வரலாற்றிலும் தெளிந்த மனதோடு முடிவெடுத்தவர் என்று நான் நினைப்பது அவரைத்தான். தான் என்ன கொடுக்கிறோம், தனக்கு என்ன கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலிருந்து நேரடியாகச் சீவினால் ஆற நாளாகும், வலிக்கும். கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் ஹோசே பாராக்கர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கருவிழியின் மேலடுக்கை வெட்டியெடுத்து, உறைய வைத்து, கடைசல் இயந்திரத்தில் கடைந்து, திரும்ப ஒட்டவைத்துப் பார்த்திருந்தார். அந்த மடல் யோசனையையும் லேசரையும் 1990-இல் கிரேக்கத் தீவான கிரீட்டில் யோவானிஸ் பல்லிகாரிஸ் சேர்த்தார். மேலே மெல்லிய மடலைத் திறந்து, அடியில் லேசரால் சீவி, மடலை மூடிவிடுவது. அதுதான் லேசிக். மறுநாளே பார்வை, வலியும் அதிகமில்லை. அதன் பிறகு பத்து வருடத்தில் அது ஒரு மருத்துவமாக இருந்ததோடு ஒரு வியாபாரமாகவும் ஆனது.

1998-இல் ஜெர்மன் மருத்துவர் தியோ சைலர் ஒரு செய்தியை வெளியிட்டார். லேசிக் முடிந்து நன்றாக இருந்த சிலருடைய கருவிழி பின்னால் மெலிந்து பிதுங்கத் தொடங்கியிருக்கிறது. எக்டேசியா என்று பெயர். சாட்டோ எந்தக் கூம்பைப் பார்த்துக் கத்தி எடுத்தாரோ, அதே கூம்பு. யாருக்கு அது வருகிறது? பெரும்பாலும், வெளியே தெரியாத அளவில் கெரட்டோகோனஸ் ஏற்கெனவே ஒளிந்திருந்தவர்களுக்கு. இல்லை, மிச்சம் வைக்க வேண்டிய அளவைவிட அதிகமாகச் சீவப்பட்டவர்களுக்கு. அரிதுதான். வெவ்வேறு ஆய்வுகள் பத்தாயிரத்தில் நாலு முதல் அறுபது வரை சொல்கின்றன. வந்தால் வைட்டமின் பி2 சொட்டும் புற ஊதாக் கதிரும் வைத்துக் கருவிழியை இறுக்குகிற சிகிச்சை உண்டு. அதையும் உருவாக்கியவர்களில் ஒருவர் இதே சைலர்தான். அது மேலும் பிதுங்காமல் நிறுத்தப் பார்க்கும். பழைய கருவிழியைத் திருப்பித் தராது.

*

நான் முதலில் போனது சென்னையில் ஒரு தனியார் மையம். பெயர் வேண்டாம். ஒரு இளைஞர் என் கண்ணாடியை வாங்கிப் பவர் பார்த்தார், ஒரு இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொன்னார், இருபத்தைந்து நிமிடத்தில் "யூ ஆர் ஃபிட் மேடம்" என்றார். இந்த மாதம் முடிவதற்குள் பதிவு செய்தால் தள்ளுபடி உண்டு. அன்று காலையில் நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு அலுவலகம் போய்விட்டு, வரும் வழியில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றும், மிருதுவான லென்ஸாக இருந்தாலும் ஒன்றிரண்டு வாரம் போடாமல் இருந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று எடுத்த அளவு என் கண்ணின் அளவே இல்லை.

அம்மாவின் கேள்வி மட்டும் இல்லாவிட்டால் முன்பணம் கட்டியிருப்பேன். மூன்று வாரம் லென்ஸை நிறுத்திவிட்டு மதுரையில் ஒரு கருவிழி மருத்துவரிடம் போனேன். அரைநாள் ஆனது. பாப்பா விரிய மருந்து விட்டு மறுபடி பவர், கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று காகிதக் கீற்று வைத்து ஒரு சோதனை, விழித்திரை ஓரம் வரைக்கும் ஒரு பார்வை, கடைசியாகக் கருவிழியின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நில வரைபடம் மாதிரி காட்டுகிற ஸ்கேன்.

படம் வருவதற்கு முன்னால் நான் என் கணக்கைப் போட்டு வைத்திருந்தேன். புத்தி அப்படி. கருவிழியின் கனம் 498 மைக்ரான். சராசரி 540 பக்கம், ஆகவே கொஞ்சம் மெலிந்தது. மடலுக்கு 110 போகும். ஆறரை டயாப்டருக்கு, ஒரு டயாப்டருக்கு 14 என்று வைத்தால் 91. மிச்சம் 297. குறைந்தது 250 இருக்கணும் என்பது பழைய விதி, 300 இருந்தால் நல்லது என்பது எச்சரிக்கையானவர்களின் விதி. இன்னொரு விதி, மடலும் சீவலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது என்கிறது. எனக்கு 201-ஐ 498-ஆல் வகுத்தால் நாற்பதுக்கு ஒரு முடி மேலே. எல்லாக் கோட்டிலும் கால் வைத்து நிற்கிறேன்.

மருத்துவர் என் தாளைப் பார்த்துச் சிரித்தார். "கணக்கு சரிதாங்க. ஆனா இந்தப் படத்தப் பாருங்க." கருவிழியின் கீழ்ப்பாதியில் வலது கண்ணில் மட்டும் நிறம் மாறியிருந்தது. அங்கே வளைவு கொஞ்சம் செங்குத்து. பின்பக்கமும் அதே இடத்தில் லேசாக மேடு.

"கண்ணக் கசக்குவீங்களா?"

"சின்ன வயசுல இருந்தே."

"எந்த ஊரு?"

சொன்னேன். தலையாட்டினார். எங்கள் பள்ளத்தாக்கில் ஆனி ஆடியில் மலைக் கணவாய் வழியாக ஒரு காற்று வரும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அந்த மாதங்களில் மண் வாயிலும் இருக்கும், கண்ணிலும் இருக்கும். எனக்குச் சிறு வயதில் கண் அரிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் உள்ளங்கை அடியால் கண்ணைத் தேய்தேய் என்று தேய்ப்பேன். அதில் ஒரு சுகம் இருக்கிறது, தேய்த்தவர்களுக்குத் தெரியும். அலர்ஜியும் தொடர்ந்து கண் கசக்குவதும் கெரட்டோகோனஸோடு சேர்ந்தே பேசப்படுகிறவை.

"இத நோய்னு நான் சொல்ல மாட்டேன். நோய் இல்லைன்னும் சொல்ல மாட்டேன்," என்றார் மருத்துவர். "உங்க வயசுக்கு இது இப்படியே நின்னுரலாம். லேசர் போட்டு சும்மா கெடக்கறத உசுப்பிவிட வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு படம் எடுப்போம்." மடல் இல்லாமல் மேலே மட்டும் சீவுவது, சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு வில்லையை உருவி எடுக்கிற ஸ்மைல், கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள் கூடுதலாக ஒரு லென்ஸ் வைப்பது என்று மற்ற வழிகளையும் விளக்கினார். முதல் இரண்டுமே கருவிழியில் இருந்து எடுப்பவைதான். மூன்றாவது வேறு விவகாரம், அதற்கு வேறு அளவுகள், வேறு ஆபத்துகள். எதையும் என் தலையில் கட்டப் பார்க்கவில்லை. போகும்போது ஒரு கேள்வி கேட்டார்: "கண்ணாடி போட்டா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

யோசித்தேன். சுருளி அருவியில் நிற்கும்போது கண்ணாடியைக் கழற்றி யாரிடமாவது கொடுக்கணும். கொடுத்த பிறகு யார் கையில் கொடுத்தோம் என்று தெரியாது. காலையில் எழுந்ததும் தடவித் தேடணும். மழையில் பைக் ஓட்டினால் எரிச்சல். இருபத்து நாலு வயதில் பெண் பார்க்க வந்தவர்கள் "கண்ணாடியா" என்று இழுத்தது. அந்தக் கடைசிக் காரணத்துக்காக அன்று அத்தை லேசர் பண்ணிரலாம் என்று சொன்னபோது கோபப்பட்டு மறுத்தவள் நான். பத்து வருடம் கழித்து என் சொந்த ஆசை என்று நினைத்துக்கொண்டு போய் நின்றதில் அந்தப் பழைய இழுப்பு எவ்வளவு கலந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

*

என் மாமா பெண் ஆறு வருடம் முன்னால் லேசிக் செய்துகொண்டாள். மைனஸ் மூன்று, நல்ல கனமான கருவிழி, இரண்டு வருடமாக மாறாத பவர். அவளுக்கு அது அருமையாக அமைந்தது. இன்றைக்கும் அவள் வாழ்க்கையில் செலவழித்த காசிலேயே உருப்படியான காசு அதுதான் என்கிறாள். அவளைப் போன்றவர்கள்தான் பெரும்பான்மை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், லேசிக் செய்தவர்களிடமே நேரடியாகக் கேள்விகள் கேட்டு நடத்திய ஆய்வுகள் 2017-இல் வெளியாயின. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பார்வையில் திருப்தி. அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர், விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம், இரட்டை உருவம் என்று புதிதாக ஏதோ ஒன்றை மூன்றாவது மாதத்தில் சொல்லியிருக்கிறார்கள். கண் வறட்சி இல்லாமல் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக வறட்சி வந்திருக்கிறது. அன்றாட வேலையே முடங்குகிற அளவு கஷ்டம் நூற்றில் ஒருவருக்கும் கீழே. திருப்தியும் தொந்தரவும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கலாம் என்பது அதிலிருந்து எனக்குப் புரிந்தது. தினம் பத்து மணி நேரம் திரையைப் பார்த்து, கண் சிமிட்டவே மறந்துபோகிற என் வேலைக்கு அந்த வறட்சிக் கணக்கு சின்னதில்லை.

எனக்கு முப்பத்தைந்து. இன்னும் ஐந்தாறு வருடத்தில் வெள்ளெழுத்து வரும். அது கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழி லேசர் அதைத் தடுக்காது. அப்பாவும் என்னை மாதிரி கிட்டப்பார்வைக்காரர். அறுபத்தி நாலு வயதிலும் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, தினத்தந்தியை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பொடி எழுத்தைப் படிக்கிறார். கிட்டப்பார்வை கொடுத்த சலுகை. லேசர் செய்திருந்தால் அதற்கும் ஒரு கண்ணாடி தேடியிருப்பார். சென்னை மையத்தில் இதை யாரும் சொல்லவில்லை, முப்பத்தைந்து வயதுக்காரி வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும்.

போலீஸ் வேலைக்கும் ராணுவத்துக்கும் போகிற எங்கள் ஊர்ப் பையன்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் அந்த வேலைக்கான தேர்வு அறிவிப்பைப் படி. லேசர் செய்த கண்ணைச் சில பிரிவுகள் நிபந்தனையோடு ஏற்கும், சில பிரிவுகள் ஏற்காது. எந்த வேலைக்காகச் செய்தாயோ அந்த வேலையே அதனால் போய்விடக் கூடாது.

இன்னொன்று, மதுரை மருத்துவர் வாசல்வரை வந்து சொன்னது. லேசர் செய்தவர்களுக்கும் வயதானால் புரை வரும். அன்று உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சீவிய கருவிழியில் அந்தக் கணக்கு தடுமாறும். இப்போது அதற்கென்று சூத்திரங்கள் உண்டு என்றாலும், லேசருக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் முப்பது வருடம் கழித்து வருகிற மருத்துவருக்கு உதவும். இதை மாமா பெண்ணிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் அப்பவே குப்பைல போட்டாச்சேக்கா," என்றாள். பிறகு அவளுக்கே கவலை வந்து, அளவுகள் இன்னும் கணினியில் இருக்கிறதா என்று மருத்துவமனைக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஐப்பசியில் மறுபடி மதுரை போய் இரண்டாவது படம் எடுத்தேன். முதல் படத்தில் இருந்து மாறவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்றார். அங்கிருந்து ஊருக்குப் போகிற வழியில் தேனியில் இறங்கி, மெல்லிய லென்ஸாகப் பார்த்து ஒரு புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சின்ன வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்தாள்.

"அரிச்சா இதக் கண்ணு மேல வையி. கசக்காத," என்றாள்.